செயற்கைக்கோள் வழிகாட்டலின் வரலாறு

செயற்கைக்கோள் வழிகாட்டல் என்பது, விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வானொலி அலைகளைக் கொண்டு புவியில் ஓர் இடத்தைத் துல்லியமாக அறியும் முறையாகும். கைபேசியில் வழி பார்ப்பவர் முதல் ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர் வரை பலரும் இதைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் இது அன்றாடத் தேவைக்காகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டதன்று. விண்வெளி ஆய்வின் முதல் நாள்களில் எழுந்த ஓர் ஆர்வமே இதன் தொடக்கம்.

ஸ்புட்னிக்கும் தலைகீழான கேள்வியும்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1-ஐ ஏவியது. 83.6 கிலோகிராம் எடையுள்ள அக்கோள் தொடர்ந்து வானொலிச் சமிக்ஞைகளை அனுப்பியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் ஆகிய இருவரும் அவற்றைப் பதிவு செய்தனர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உரத்த சுருதியிலும், கடந்து சென்றபின் தாழ்ந்த சுருதியிலும் கேட்பது போல, கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் சமிக்ஞையின் அதிர்வெண் மாறியது. இது டாப்ளர் விளைவு எனப்படும். இம்மாற்றத்தை மட்டும் கொண்டு கோளின் பாதையை அவர்கள் கணக்கிட்டனர்.

1958-இல் அவ்வாய்வகத்தின் பிராங்க் மெக்லூர் இக்கேள்வியைத் தலைகீழாக்கினார். தரையில் நிற்பவரின் இடம் தெரிந்தால் கோளின் இடத்தை அறிய முடிகிறது. அப்படியானால் கோளின் பாதை தெரிந்தால் தரையில் நிற்பவரின் இடத்தையும் அறியலாம் அல்லவா? இதிலிருந்து அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் திட்டம் உருவானது. நீர்மூழ்கிக் கப்பல்கள் தம் இடத்தை அறிய உதவிய இத்திட்டம் 1964-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1967-இல் பொதுக் கப்பல்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

ஜி.பி.எஸ். செயல்படும் முறை

டிரான்சிட்டில் இடம் அறிய, கோள் ஒன்று தலைக்கு மேல் கடந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும். இக்குறையைப் போக்க 1973-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஜி.பி.எஸ். திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 24 கோள்களுடன் அமைப்பு 1995-இல் முழுமை பெற்றது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை அனுப்புகிறது. சமிக்ஞை வந்துசேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கோளின் தொலைவு கிடைக்கும். நான்கு கோள்களின் தொலைவைக் கொண்டு கருவி தன் இடத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிறது.

இதில் நேரத் துல்லியமே உயிர்நாடி. ஒரு மைக்ரோ விநாடி பிழைத்தால் தொலைவு 300 மீட்டர் பிழைக்கும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி, கோளில் உள்ள கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். இதைச் சரிசெய்யாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கும் மேல் பிழை சேர்ந்துவிடும்.

மக்கள் கைக்கு வந்த வழி

1983 செப்டம்பர் 1 அன்று, பாதை தவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் இறந்தனர். அம்மாதமே அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்கள் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. எனினும் பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டு வந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த துல்லியம் ஒரே இரவில் பலமடங்கு உயர்ந்தது.

இந்தியாவின் நாவிக்

பிற நாட்டு இராணுவத்தின் கையில் உள்ள சேவையை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பன்று என்பதைப் பல நாடுகள் உணர்ந்தன. உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் வரிசையில் இந்தியாவும் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் கோள் 2013 சூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏழாவது கோள் 2016 ஏப்ரலில் விண்ணை அடைந்தபோது அமைப்புக்கு நாவிக் எனப் பெயரிடப்பட்டது. முதல் கோளில் இருந்த இறக்குமதி அணுக்கடிகாரங்கள் மூன்றும் பின்னர் பழுதாயின. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோள், இந்தியாவிலேயே செய்யப்பட்ட அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது.

இதன் தேவையைத் தமிழகக் கடற்கரை நன்கு அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் கைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் கரை திரும்பவில்லை. 2019-இல் இந்திய அரசு அறிமுகப்படுத்திய ஜெமினி கருவி, ககன் அமைப்பின் கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைபேசிக்கு அனுப்புகிறது.

நிலவு வரை

2025 மார்ச்சில் நிலவில் இறங்கிய புளூ கோஸ்ட் கலத்திலிருந்த கருவி, ஜி.பி.எஸ்., கலிலியோ சமிக்ஞைகளை அங்கிருந்தே பெற்றுத் தன் இடத்தைக் கணக்கிட்டது. விண்வெளி ஆய்வில் பிறந்து அன்றாட வாழ்வுக்கு வந்த தொழில்நுட்பம், மீண்டும் விண்வெளி ஆய்வுக்கே வழிகாட்டத் தொடங்கியுள்ளது.