லென்சின் விதி

லென்சின் விதி என்பது, மின்காந்தத் தூண்டலால் ஒரு மூடிய கம்பி வளையத்தில் உண்டாகும் மின்னோட்டம் எத்திசையில் பாயும் என்பதைக் கூறும் இயற்பியல் விதியாகும். வளையத்தின் ஊடே செல்லும் காந்தப் பாயத்தில் எந்த மாற்றம் மின்னோட்டத்தைத் தூண்டியதோ, அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே அம்மின்னோட்டம் பாயும் என்பது இவ்விதியின் கூற்று.

வரலாறு

மைக்கேல் பாரடே 1831 ஆம் ஆண்டில் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். தூண்டு மின்னோட்டத்தின் திசையை ஒரே விதியில் அடக்கிக் கூறியவர், உருசிய இயற்பியலாளரான ஐன்ரிக் லென்சு (1804–1865) ஆவார். 1833 இல் சென் பீட்டர்சுபெர்க் அறிவியற் கழகத்தில் அவர் இதனை முன்வைத்தார். கடத்தியின் இயக்கத்தைக் கொண்டே அவர் விதியைக் கூறினார். பாயத்தைக் கொண்டு கூறும் இன்றைய வடிவம் பின்னர் வந்ததாகும். பாரடேயின் விதிச் சமன்பாட்டில் காணப்படும் கழித்தல் குறி லென்சின் விதியையே குறிக்கிறது.

திசையைக் கண்டறிதல்

முதலில், வளையத்தின் ஊடே புறக்காந்தப்புலம் எத்திசையில் செல்கிறது என்று காண வேண்டும். அடுத்து, பாயம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் தூண்டு மின்னோட்டத்தின் காந்தப்புலம் புறப்புலத்துக்கு எதிராகவும், குறைந்தால் அதே திசையிலும் அமையும். வலக்கைப் பெருவிரலை இத்தூண்டு புலத்தின் திசையில் நீட்டினால், மடங்கிய விரல்கள் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும்.

தூண்டு மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும் என்று மாணவர் பலர் மனப்பாடம் செய்வது பிழையாகும். அது எதிர்ப்பது பாயத்தின் மாற்றத்தை மட்டுமே. புலம் எவ்வளவு வலியதாயினும், பாயம் மாறாதிருந்தால் மின்னோட்டம் தூண்டப்படாது.

கிடைமட்டமாகப் பிடித்த செப்பு வளையம் ஒன்றினுள், வடமுனை கீழ்நோக்கியிருக்க ஒரு சட்டக் காந்தம் விழுவதாகக் கொள்வோம். காந்தம் நெருங்கும்போது கீழ்நோக்கிய பாயம் கூடுகிறது. எனவே தூண்டு புலம் மேல்நோக்கி அமைகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு மின்னோட்டம் இடஞ்சுழியாகப் பாயும். காந்தம் வளையத்தைக் கடந்து கீழே செல்லும்போதும் வளையத்தின் ஊடே புலம் கீழ்நோக்கியே உள்ளது. ஆனால் இப்போது பாயம் குறைகிறது. ஆகவே மின்னோட்டம் வலஞ்சுழியாக மாறுகிறது. காந்தத்தின் நடுப்பகுதி வளையத்தின் தளத்தைக் கடக்கும் கணத்தில் மின்னோட்டம் சுழியாகும். நெருங்கும்போது விலக்கு விசையும் விலகும்போது ஈர்ப்பு விசையும் செயல்படுவதால், இரு நிலைகளிலும் காந்தத்தின் மீதான விசை மேல்நோக்கியே இருக்கிறது. செப்புக் குழாயினுள் இடப்பட்ட காந்தம் மெதுவாக இறங்குவது இதனாலேயே. வளையத்தில் ஓரிடத்தில் வெட்டு இருந்தால் மின்னியக்கு விசை தோன்றும். ஆயினும் வளையத்தைச் சுற்றி மின்னோட்டம் பாயாது.

ஆற்றல் அழியாமை

தூண்டு மின்னோட்டம் மாற்றத்துக்குத் துணை செய்வதாக இருந்தால், சற்றே தள்ளிய காந்தம் தானே விரைவு பெற்று, செலவின்றி ஆற்றல் தந்துகொண்டே இருக்கும். இது ஆற்றல் அழியா விதிக்கு முரணானது.

இதனை எண்களால் சரிபார்க்கலாம். தாளுக்குள் செல்லும் 0.5 டெசுலா சீரான புலத்திலிருந்து, 20 செ.மீ. அகலமும் 0.4 ஓம் மின்தடையும் கொண்ட செவ்வக வளையம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வலப்புறமாக வெளியே இழுக்கப்படுகிறது. உள்நோக்கிய பாயம் குறைவதால் மின்னோட்டம் வலஞ்சுழியாகப் பாய்கிறது. மின்னியக்கு விசை 0.5 × 0.2 × 2 = 0.2 வோல்ட்டு, மின்னோட்டம் 0.5 ஆம்பியர். புலத்தினுள் எஞ்சியுள்ள இடப்பக்கக் கம்பியின் மீது 0.05 நியூட்டன் விசை இடப்புறமாகச் செயல்படுகிறது. இதனை வென்று இழுப்பவர் செலவிடும் திறன் 0.1 வாட்டு. மின்தடையில் வெப்பமாக மாறுவதும் அதே 0.1 வாட்டு ஆகும்.