பாம்பன் காற்றும் பழைய பென்ஸும்



துபாயில் இருக்கும் மாணவத் தம்பி ஒருவர், கூரை திறக்கும் பழைய பென்ஸ் 280 எஸ்.எல். ஒன்றை வாங்கித் தங்கச்சிமடம் வீட்டில் நிறுத்தலாமா என்று கேட்கிறார். வரலாற்று வாத்தியாரிடம் கார் கேள்வி!

1914-இல் ரயில் பாலம் வந்தது. ஆனால் 1988 அக்டோபர் 2-இல் சாலைப் பாலம் திறக்கும்வரை எந்தக் காரும் பாம்பன் கடல் மேல் சொந்தமாக ஓடி வந்ததில்லை. காரில் வந்த சீமான்களும் மண்டபத்தில் இறங்கி ரயில் ஏறினார்கள்.

அந்த இரும்புப் பாலத்தையே உப்புக்காற்று தின்றது. ஓயாமல் பெயிண்ட் அடித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள்; 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. என் ஸ்கூட்டரில் கால் வைக்கும் தகடு ஏழே வருஷத்தில் சல்லடை. மழை நாளில் நனைந்த செருப்போடு நான் வகுப்புக்கு வந்ததைப் பத்தாம் வகுப்பு 'பி' மறந்திருக்காது.

தம்பி, அந்த பென்ஸுக்குத் தனிச் சேஸி கிடையாது. கூரையும் துணி. கதவுக்கு அடியில் ஓடும் தகடும் தரைத் தகடும்தான் அதன் முதுகெலும்பு. துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மேல் பளபளப்பில் மயங்காதே. மெக்கானிக்கோடு போய், வண்டியைத் தூக்கி அடியில் பார்.

இன்னொன்று. 2021 விதிப்படி, 50 வயது தாண்டி அசல் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினமும் தனுஷ்கோடிக்கு ஓட்ட முடியாது.

ஆசைப்பட்டால் வாங்கு. ஆனால் பரமக்குடி மாமா வீட்டில் நிறுத்து. இந்தப் பக்கம் வந்து திரும்பினால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவு. பாலத்தில் ஏறும் முதல் நாள் எனக்கும் ஒரு சீட் வை.