தலைவர் விலகிவிட்டார், அவர் போட்ட வழக்கம் இன்னும் ஓடுகிறது: எஸ்ஐஏ-வில் அது எப்படி நடந்தது?

2017 செப்டம்பரில் சிங்கப்பூருக்குச் சுமார் இரண்டு வாரம் தற்காலிக அதிபர் ஒருவர் இருந்தார். ஞாபகம் இருக்கா? ஜே. ஒய். பிள்ளை. "யார் இவர்?" என்று அப்போது கேட்ட இளையர்கள் ஏராளம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் நீங்கள் பறந்திருந்தால், அவருடைய வேலையை ஏற்கனவே பார்த்துவிட்டீர்கள்.

கிள்ளானில் பிறந்து, பொறியியல் படித்து, அரசாங்க அதிகாரியானவர் பிள்ளை. 1972-இல் எஸ்ஐஏ தொடங்கியபோது அதன் தலைவரானார். 1996 வரை, 24 ஆண்டுகள்.

தொடக்கம் எளிதாக இல்லை. மலேசியாவுடன் கூட்டாக நடத்திய நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. எஸ்ஐஏ-விடம் 10 விமானங்கள் இருந்தன. உள்நாட்டுச் சேவை ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு சின்ன நாட்டில் எங்கிருந்து எங்கே பறப்பது? அரசாங்கமும் கறாராகச் சொல்லிவிட்டது: கொடி பறக்கவிடும் பெருமைக்காக விமானம் ஓட்ட முடியாது, நட்டம் என்றால் மூடவேண்டியதுதான்.

அந்த நெருக்கடியில் பிறந்த பழக்கங்கள்தான் இன்றுவரை நிற்கின்றன. முக்கியமானது, விமானங்களை இளமையாக வைத்திருப்பது. பழைய விமானம் எரிபொருளை அதிகம் குடிக்கும், அடிக்கடி பழுதுபார்க்க வேண்டும். அதனால் நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிட்டுப் புதியதை வாங்குவது என்ற வழக்கம் வந்தது. 1978-இல் கிட்டத்தட்ட 900 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போயிங் விமானங்களை வாங்க எஸ்ஐஏ ஆர்டர் கொடுத்தது. அப்போது பலருக்கு அது துணிச்சலாக இல்லை, பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். பிள்ளை விலகி 11 ஆண்டு கழித்து, 2007-இல், உலகிலேயே முதலில் ஏ380 விமானத்தைப் பயணிகள் சேவையில் இறக்கியதும் அதே எஸ்ஐஏ-தான். ஆள் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

எக்கானமி வகுப்பில் இலவச பானம், ஹெட்ஃபோன் எல்லாம் 1970களிலேயே வந்துவிட்டன. இதில் முதல் நிர்வாக இயக்குநர் லிம் சின் பெங்கின் பங்கு பெரியது. ஒரே ஒருவர் கட்டிய கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, பழக்கம் எப்படிக் கைமாறுகிறது? அடுத்தவர் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். 2003-இல் தலைமை நிர்வாகியான சியூ சூன் செங், 1972-லேயே எஸ்ஐஏ-வில் சேர்ந்தவர். அவருக்குப் பின் 2011-இல் பொறுப்பேற்ற கோ சூன் போங் சேர்ந்தது 1990-இல், பிள்ளை தலைவராக இருந்த காலத்தில். வெளியிலிருந்து நட்சத்திரத்தைக் கூட்டிவரவில்லை. உள்ளேயே வெவ்வேறு பிரிவுகளிலும் வெளிநாட்டு அலுவலகங்களிலும் வேலை பார்த்து வளர்ந்தவர்கள். ஒரே மாதிரி யோசிக்கும் ஆபத்தும் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை.

உண்மையான சோதனை கொவிட். 2019/20 நிதியாண்டில், 48 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக முழு ஆண்டு நட்டம். அடுத்த ஆண்டு நட்டம் 4.3 பில்லியன் வெள்ளி. சுமார் 4,300 வேலையிடங்கள் குறைக்கப்பட்டன. வேலையில் இருந்த விமானச் சிப்பந்திகள் சிலர் மருத்துவமனைகளில் பராமரிப்புத் தூதர்களாகப் பணியாற்றினார்கள். பழைய ஒழுக்கம் மட்டும் காப்பாற்றியது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பெரும்பங்கு வைத்திருக்கும் தெமாசெக் துணை நின்றதால்தான் பில்லியன் கணக்கில் மூலதனம் திரட்ட முடிந்தது.

எல்லைகள் திறந்தபோது விமானங்களும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் தயாராக இருந்தது பெரிய பலம். 2022/23-இல் லாபம் 2.16 பில்லியன் வெள்ளி, அதுவரை காணாத உச்சம். ஊழியர்களுக்குக் கிட்டத்தட்ட 8 மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது. அந்தச் செய்தி மட்டும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக் கண்டிப்பாக வந்திருக்கும்!