ரிசர்வ்: காப்பும் ஒதுக்கலும்

சானமாவுக் காட்டை அரசாங்கம் 'காப்புக்காடு' என்று எழுதுகிறது. பேச்சில் அது 'ரிசர்வ்'. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகிற ஓசூர்ப் பக்கத்தில் மூன்றுக்கும் பொதுவாகிவிட்ட சொல் இது. லத்தீன் மூலத்தில் இதன் பொருள், பின்னிருத்திக் காத்தல். யார், யாரிடமிருந்து, யாருக்காகக் காப்பது என்பதைச் சொல் சொல்வதில்லை. வரலாறுதான் சொல்கிறது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒரு காட்டை ரிசர்வ் ஆக்குவதற்கு முன் அறிவிப்புச் செய்து, மூன்று மாதத்துக்குக் குறையாத கெடு வைத்தது. அதற்குள் உரிமை கோரலாம். தக்க காரணமின்றிக் கோராமல் விட்டது அற்றுப்போகும். தலைமுறையாக மாடு மேய்த்தவனுக்கு மேய்ச்சல் என்பது பழக்கம். அதை 'உரிமை' என்று அவன் நினைத்ததே கிடையாது. பழக்கத்தைச் சட்டத்தின் பாஷைக்குப் பெயர்க்கத் தெரியாதவன் மறுநாளே அத்துமீறியவன் ஆனான். இங்கே ரிசர்வ் என்பது இருந்தவனிடமிருந்து எடுத்து அரசு வைத்துக்கொள்வது.

ஐம்பது வருஷம் கழித்து, 1932இல், அதே சொல் எதிர்த்திசையில் திரும்பிற்று. பூனா ஒப்பந்தம் மாகாண சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 148 இடங்களை ரிசர்வ் செய்தது. சென்னை மாகாணத்துக்கு 30. இரட்டை வாக்குரிமையுள்ள தனி வாக்காளர் தொகுதியை அம்பேத்கர் விட்டுக்கொடுத்து வாங்கியது இது. இங்கே ரிசர்வ் என்பது இல்லாமல் ஆக்கப்பட்டவனின் பங்கை மற்றவர் கை படாமல் வைப்பது. 1935 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியும் வந்து சேர்ந்தது.

ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1984இல் வெளிவந்த இண்ட்-சுசுகி போன்ற பைக்குகளின் பெட்ரோல் திருகிலும் இந்தச் சொல் உண்டு. 'வண்டி ரிசர்வுல ஓடுது' என்றால் எல்லாருக்கும் புரிந்தது. அதில் சிக்கலே இல்லை. சேமிப்பவனும் செலவழிப்பவனும் ஒருவனே. காட்டிலும் தொகுதியிலும் அப்படியில்லை. அதிகாரம் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

தமிழில் நாம் இதைப் பல சொற்களாகப் பிரித்துக்கொண்டோம். ரயிலுக்கு முன்பதிவு. ஊத்தங்கரைக்குத் தனித்தொகுதி. வேலைக்கு, படிப்புக்கு இட ஒதுக்கீடு. காட்டுக்குக் காப்பு. இந்தப் பிரிவினை அப்பாவித்தனமானதல்ல என்பது என் வாதம். அரசு எடுத்துக்கொண்டதற்குக் 'காப்பு' என்கிற கௌரவம். ஒடுக்கப்பட்டோர் போராடிப் பெற்றதற்கு 'ஒதுக்கீடு', 'தனி'. ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதும், தனிக் குவளையும் நம் மொழியில் இதே வேர்ச்சொற்களால்தான் சொல்லப்படுகின்றன. தீண்டாமையின் சொற்களையே அதற்கான பரிகாரத்துக்கும் கொடுத்திருக்கிறோம். 'பங்கு' என்று சொல்லியிருந்தால் 'சலுகை' என்று இழித்துப் பேசுவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

காட்டுவாசிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டது. ஆனால் 'காப்பு' என்ற சொல் அப்படியே இருக்கிறது. பன்னேருகட்டா பக்கமிருந்து ராகி அறுவடைக் காலத்தில் சானமாவுக்கு வருகிற யானைகளுக்கு ரிசர்வ் எல்லை தெரியாது. எல்லையை வகுத்தது அரசு, அதற்கு விலை கொடுப்பது ராகி விதைத்தவன். 'காப்பு' யாருக்கு என்று அவன்தான் முதலில் கேட்க வேண்டும்.