வாவிக்கரையில் ஒரு கணக்கு

நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் வருவோர் முதலில் தேடுவது கிரகரி வாவியைத்தான். படகு, மட்டக்குதிரைச் சவாரி, பனிமூட்டம், நகருக்குள் ஆங்கிலேயர் காலத்துத் தபால் நிலையம். ஐரோப்பிய ஏரிக்கரை நகரொன்றில் நிற்பதாகவே தோன்றும். 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் அப்படி வந்ததே.

ஆனால் ஜெனீவா வாவி இயற்கை தந்தது; இந்த வாவி மனிதர் செய்தது. சேர் வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்த 1873இல், சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கு மாளிகை எழுப்பினார். இன்று அது கிராண்ட் ஹோட்டல். 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து ஆங்கிலப் பண்ணை வாழ்வை நட முயன்றார். 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது.

இந்த அழகுக்கான செல்வம் எங்கிருந்து வந்தது? முதலில் கோப்பி. 1869இல் கோப்பியில் நோய் கண்டு, பின்னர் அது அழிந்தபோது, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த தமிழகத்து ஏழைகளே இரண்டுக்கும் உழைத்தார்கள். வாவிக்கு ஒரு தேசாதிபதியின் பெயர் நிலைத்தது. இவர்களுக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையையே மறுத்தது. 2003இல் வந்த சட்டம்வரை நாடற்றோர் பிரச்சினை நீடித்தது.

இந்த மலைநாட்டுக்கு வந்த இன்னொரு பயணியை நம்மவர்கள் அறிவார்கள். 1344இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வந்தார். ஹட்டனிலிருந்து இன்று பலர் புறப்படுவது அந்த மலைக்குத்தான். ஆரியச் சக்கரவர்த்தி தமக்குத் துணையாக அனுப்பியவர்களை அவர் கணக்கிட்டு எழுதினார்: யோகிகள் 4, பிராமணர் 3, அரசனின் ஆட்கள் 10, உணவு சுமந்தோர் 15. பல்லக்கில் போனவர்தான், சமத்துவம் பேசியவரல்லர். என்றாலும், ஒரு முஸ்லிமின் பயணத்தில் யோகியும் பிராமணரும் உடன் நடந்ததை அவர் மறைக்கவில்லை. சுமந்தவர்களையும் கணக்கில் விடவில்லை.

வாவிக்கரையில் படம் பிடிக்கும் நாம் அந்தப் 15 பேரை நினைக்க வேண்டும். படகு திரும்பும் திசையில், மேட்டில் தெரியும் பச்சை வெறும் காட்சியல்ல. அங்கே கொழுந்துக் கூடையின் கயிறு ஒருத்தியின் நெற்றியில் அழுந்திக்கொண்டிருக்கிறது. அவளை எழுதாத பயணக் குறிப்பு, அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய பயணியின் குறிப்பைவிடக் குறைபட்டதே.