ஸாஜ் மரமும் தாம்பரத்துக் கூடமும்

நம் வீட்டுக் கூடத்தில் உள்ள மரச்சாமான்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பல கடல் கடந்து வந்தவை என்பது புலனாகும். மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். பீரோ பிரெஞ்சுக்காரருடையது. சோபா என்பதோ அரபு மொழியின் ‘ஸுஃப்ஃபா’ என்னும் சொல். துருக்கி வழியே ஐரோப்பா சென்று, அங்கிருந்து ஆங்கிலேயரோடு நம்மிடம் வந்தது. மதீனாப் பள்ளிவாசலின் கூரையிட்ட ஓர் ஓரத்தில் தங்கிக் கல்வி கற்ற வறிய தோழர்களை ‘அஸ்ஹாபுஸ் ஸுஃப்ஃபா’ என்று நாம் அறிவோம். அவர்களுடைய ஸுஃப்ஃபாவில் மெத்தை இருந்ததில்லை என்பதை இன்றைய சோபாக்களில் சாய்ந்திருப்போர் நினைவிற் கொள்ளலாம்.

சொற்கள் இவ்வாறு வந்திறங்கிய கடல் வழியிலேயே எதிர்த்திசையில் மரம் சென்றது. தேக்கு என்னும் நம் சொல்லைப் போர்த்துக்கீசியர் ‘தேக்கா’ என எடுத்துச் செல்ல, ஆங்கிலேயர் அதை ‘டீக்’ ஆக்கினர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபியர் அம்மரத்தை ‘ஸாஜ்’ என்றழைத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளியின் தூண்கள் பேரீச்ச மரத்தண்டுகளாகவும் கூரை பேரீச்ச ஓலையாகவும் இருந்தன. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29இல் அதை விரிவாக்கியபோது சுவர்களைச் செதுக்கிய கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பி, ஸாஜ் மரத்தால் கூரை வேய்ந்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. அரேபிய மண்ணில் வளராத மரம் அது. பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்து வணிகர்கள் தம் மாடிவீடுகளை ஸாஜ் மரத்தால் எழுப்பியிருந்ததைப் பத்தாம் நூற்றாண்டின் புவியியலாளர் அல் இஸ்தக்ரீ எழுதி வைத்தார். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளியில் இன்றும் நிற்கும் ஒன்பதாம் நூற்றாண்டு மிம்பர், உலகில் எஞ்சியிருக்கும் மிம்பர்களில் மிகப் பழையது; அதன் முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகளும் தேக்கால் ஆனவையே. நபிகளாரின் மிம்பர் இத்தகைய ஆடம்பரம் எதுவும் அறியாதது. மதீனாவை அடுத்த அல் காபாவில் வெட்டிய சவுக்கு வகை மரமொன்றைக் கொண்டு, ஓர் அன்சாரிப் பெண்மணியிடம் பணியாற்றிய தச்சர் அதைச் செய்து கொடுத்தார். அருகில் கிடைத்த மரம், அறிந்த தச்சர், வேண்டிய அளவு: வீட்டு மரவேலையின் இலக்கணம் முழுவதும் அம்மூன்றில் அடங்கிவிடுகிறது.

பிற்காலத்தில் ஸாஜ் மரத்திற்கு நேர்ந்தது வேறு கதை. மலபார்க் காடுகளின் தேக்கைப் பம்பாய்க் கப்பல் தளம் தின்று தீர்த்தது. பெருமரங்கள் அருகிவிட்டதைக் கண்ட மலபார் ஆட்சியர் கனோலி, 1840களில் நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். நாற்று முளைக்க வைக்கும் நுட்பத்தைக் கண்டறிந்து அத்தோட்டத்தை உருவாக்கியவர் சாத்து மேனன் என்னும் உள்ளூர் அலுவலர். 1856இல் சென்னை மாகாணத்திற்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். இதற்குள் வணிகரின் கண் பர்மாவின் மீது திரும்பியிருந்தது. 1863இல் தோன்றிய பம்பாய் பர்மா வணிகக் கழகம் மேல்பர்மாக் காடுகளில் தேக்கு வெட்டியது. வெட்டிய மரங்களின் கணக்குத் தொடர்பாக மாண்டலே அரசவை விதித்த அபராதம், 1885இல் மூன்றாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குச் சாக்காயிற்று. ஒரு நாடு தன் அரசை இழந்ததற்கு மரக்கணக்கும் ஒரு காரணம் என்பதைப் ‘பர்மாத் தேக்கு’ என்று பெருமையாகச் சொல்லும்போது நாம் நினைப்பதில்லை. ரங்கூனில் நம்மவர் ஏராளமானோர் வணிகம் செய்தனர். அங்குள்ள சூலியா பள்ளிவாசல் அதற்குச் சான்று. ரங்கூன் கப்பல்களில் வந்த தேக்குதான் செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களாயிற்று. சென்னையின் நடுத்தர வீடுகளில் நிலையும் கதவும் ஆயிற்று.

தாம்பரம் இக்கதைக்குள் நுழைவது ரயிலோடுதான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. ரயில்வே ஊழியர், ஆசிரியர், அரசு அலுவலர், குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் தொழிலைச் சார்ந்தோர் எனச் சம்பளக்காரர்கள் மனை வாங்கி ஒற்றைத்தள வீடு கட்டினர். அக்காலத்தில் வீடு கட்டுவதும் சாமான் செய்வதும் வேறு வேறு வேலைகள் அல்ல. நிலையும் கதவும் சன்னலும் செய்ய வந்த ஆசாரி, கொட்டகை போட்டு மாதக்கணக்கில் வேலை செய்வார். கதவுக்கு வாங்கிய கன அடிக் கணக்கில் மிஞ்சிய துண்டுகள் மணையாகும், முக்காலியாகும், புத்தக அலமாரியாகும். முஸ்லிம் வீடுகளில் குர்ஆன் ஓதும் ரெஹலாகும். மரத்தைத் தேர்ந்தவர் வீட்டுக்காரர், வேலையைக் கண்ணாரக் கண்டவர்கள் வீட்டார். ஒரு கட்டிலின் கழுந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்று தாமே மரவேலை செய்ய விழைவோரைப் புதுமை நாடுவோர் என்று சிலர் எண்ணுகின்றனர். நம் கருத்து வேறு. ஒரு காலத்தில் முற்றத்தில் நடந்த வேலை கடைக்குச் சென்று, இப்போது மீண்டும் முற்றத்திற்கு வருகிறது, அவ்வளவே.

அந்த ஆசாரிகளின் அறிவில் நாம் மீட்டெடுக்க வேண்டியவை பல. முதலாவது, வைரத்திற்கும் வெளிற்றிற்கும் உள்ள வேறுபாடு. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில்தான் தேக்கின் எண்ணெய்ப் பசையும் கறையானைத் தடுக்கும் பொருள்களும் உள்ளன. வெளிறிய புறப்பகுதி எந்த மரத்திலும் பூச்சிக்கு இரைதான். இன்று மலிவு விலையில் தேக்கெனக் கிடைக்கும் இளமரங்களில் பாதி வெளிறு. இரண்டாவது, மரம் அறுபட்ட பின்னும் அசைகிறது என்னும் உண்மை. கடலோர ஈரக்காற்றில் பலகை அகலவாட்டில் விரியும். பங்குனி வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் பெரும்பாலும் மாறாது. எனவேதான் பழைய கதவுகளில் நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தின் பள்ளத்தில் மிதக்க விட்டார்கள். கெய்ரோ, திமிஷ்கு நகரங்களின் தச்சர்கள் சிறு சிறு துண்டுகளை நட்சத்திரக் கோலங்களாகக் கோத்ததும் இதே காரணத்தால்தான். அழகு கருதி மட்டும் பிறந்ததன்று அந்த வடிவியல். பெரிய பலகை வறண்ட காற்றில் வெடிக்கும், சிறு துண்டுகள் தத்தம் பள்ளங்களில் அசைந்து கொடுக்கும். நூருத்தீன் ஸன்கீ அலெப்போவில் செய்வித்து, ஸலாஹுத்தீன் ஐயூபி அல் அக்ஸாவில் நிறுவிய மிம்பர் அவ்வகையைச் சார்ந்தது. 1969 ஆகஸ்டில் அது தீக்கிரையாயிற்று. அதை மீண்டும் செய்ய முனைந்தபோது அந்தக் கோப்பு முறையை அறிந்தவர்களைப் பல நாடுகளிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. 2007இல்தான் புதிய மிம்பர் அங்கு வைக்கப்பட்டது. ஒரு கைத்திறன் அறுபட்டால் அதை மீண்டும் முடிய எத்தனை காலம் ஆகும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது மெருகு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் சாமான் செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் தோற்பது தச்சில் அன்று, மெருகில்தான். பழைய தேக்கு நாற்காலிகளின் பளபளப்பு அவலரக்கினால் வந்தது. பலாசு முதலிய மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கைச் சுத்திகரித்து, அவல் போன்ற மெல்லிய செதில்களாக்கியதே அது. முதலில் எண்பதாம் எண் உப்புத்தாளில் தொடங்கி, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது எனப் படிப்படியாக, மரத்தின் இழையோட்டத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த ஒரு கீறல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து மெருகேறியதும் பல்லிளிக்கும். பின்பு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் நுண்ணிழைகள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் அவற்றை மீண்டும் மெல்லத் தேய்த்தெடுக்க வேண்டும். சுண்ணக்கட்டித் தூளில் சிறிது காவி கலந்து துளைகளை அடைப்பது அடுத்த பணி. அதன் பின்னரே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பஞ்சை உள்ளே வைத்துப் பழைய பருத்தித் துணியால் கட்டிய பொட்டலத்தை அதில் நனைத்து, வட்டம் வட்டமாக, கை எங்கும் நில்லாமல் ஓட்டுவார்கள். பொட்டலம் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல ஒரு துளி ஆளிவிதை எண்ணெய் போதும். ஒரு நாளில் முடிக்க நினைப்பவருக்கு இவ்வேலை வசப்படாது.

சென்னைக்கென்று ஒரு நாட்காட்டியும் இதில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரக்கு பூசினால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மை பூத்துவிடும். தை பிறந்த பின் வரும் உலர்ந்த நாட்களே உகந்தவை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுவோம்: அவை காயும்போது சூடேறித் தாமே தீப்பற்றக் கூடியவை, விரித்து உலர்த்த வேண்டும். அரக்கு மெருகுக்குக் குறைகளும் உண்டு. சூடான தேநீர்க் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். எனினும் புதிய பூச்சு பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடுவதால், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அரைநாள் வேலையில் அதைப் புதுப்பிக்கலாம். இன்று புழங்கும் பாலியுரேத்தேன் பூச்சு சூட்டையும் நீரையும் தாங்கும். கீறல் விழுந்தால் முழுவதும் தேய்த்தெடுத்தே மீண்டும் பூச முடியும். சாப்பாட்டு மேசைக்குப் பின்னதும் மற்றவற்றுக்கு முன்னதும் பொருந்தும் என்பது நம் துணிபு.

ஆசாரியின் கொட்டகை எப்போது மறைந்தது என்று ஒரு நாளைக் குறிப்பிட இயலாது. 1959இல் சந்தைக்கு வந்த பெவிகால், காய்ச்சி ஊற்றும் வச்சிரப் பசையை மெல்ல ஒதுக்கியது. ஒட்டுப்பலகை வந்தது. அடுக்குமாடி வந்தபின் மரம் இழைக்க முற்றம் இல்லாமற் போயிற்று. இறுதியில், மரத்தூளையும் சிராய்களையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்திச் செய்த பலகைகள் மினுமினுக்கும் தாள் போர்த்திக் கூடங்களுக்குள் நுழைந்தன.

2015 டிசம்பர் இவற்றையெல்லாம் சோதித்தது. இரண்டாம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த பகுதிகள் ஆகியவற்றை மூழ்கடித்தது. நீர் வடிந்தபின் தெருக்களில் குவிந்த குப்பையில் சிராய்ப் பலகை அலமாரிகளும் கட்டில்களும் ரொட்டியைப் போல் ஊறிப் பிளந்து கிடந்தன. அவற்றுக்கு மாதத் தவணை கட்டி முடிக்காதவர்களும் அவ்வீடுகளில் இருந்தனர். தேக்குக் கட்டில்கள் நிறம் வெளுத்தன. வச்சிரம் இளகிக் கழுந்துகள் கழன்றன. நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி மீண்டும் பூட்டினால் அவை நின்றன. நீரில் இளகும் பசை குறைபாடென்று நாம் ஒதுக்கியது. பிரித்துச் சேர்க்க முடிவதே அதன் சிறப்பு என்பதை வெள்ளம் காட்டிற்று. எல்லா ஒட்டுப்பலகையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐஎஸ் 303 முத்திரையில் ஈரம் தாங்கும் வகையும், கொதிநீர் தாங்கும் வகையும் தனித்தனியே உண்டு. ஐஎஸ் 710 என்பது கடல்சார் வகை. அடையாற்றங்கரையில் வாழ்வோர் முத்திரையைப் படித்து வாங்குதல் நலம்.

மறு ஆண்டே, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் தென்சென்னையின் மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சியும் வேம்பும் கொன்றையும் தெருத்தெருவாய்க் கிடக்க, அவற்றைத் துண்டாடி அகற்றுவதே அன்றைய கவலை. அறுத்து நிழலில் அடுக்கினால் ஓரங்குலப் பலகை உலர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்தப் பொறுமைக்கும் இடத்திற்கும் நகரம் எங்கே போவது? வேம்பு உலரும்போது முறுக்கும். கசப்பால் பூச்சி அண்டாது. பூவரசும் வாகையும் நல்ல சாமான் மரங்கள். விலை உயர்ந்ததொன்றே மரம் என்னும் எண்ணத்தால் வாசலில் விழுந்த வேம்பை விறகாக்கினோம்.

ஸாஜ் மரம் தேடுவோருக்கு இன்று வழி குறுகிவிட்டது. வெட்டிய மரங்களை அப்படியே ஏற்றுமதி செய்வதை மியன்மார் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. மரக்கடைகளில் இருப்பது ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு. ஆயினும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஜும்ஆவுக்கு முன்போ பின்போ ஒருநடை சென்று வரலாம். இடித்த பழைய வீடுகளின் கதவும் சன்னல் சட்டமும் அங்கு வந்து சேர்கின்றன. பல அடுக்குப் பெயின்ட்டின் அடியில் என்ன மரம் என்று பார்வையால் சொல்ல முடியாது. தூக்கிப் பார்க்கலாம், முனையை நகத்தால் கீறலாம். வாங்கி வந்ததும் ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டி, மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிய பின்னரே இழைப்புளியை வைக்க வேண்டும், இல்லையேல் வாய் உடைந்துவிடும். மூன்றாம் இழைப்பில் பெயின்ட் போய், பொன்னிறச் சுருள் எழுந்து, தோல் போன்ற அந்த எண்ணெய் மணம் வந்தால் அது தேக்கு. ஒரு சன்னல் சட்டத்தில் ஒரு ரெஹலுக்கும் ஒரு முக்காலிக்கும் மரம் தேறும்.