கலம் பிணித்த தறிகள்: கீழையூர்ச் சான்றும் சங்கப் பாடல்களும்

கப்பலின் வடத்தைப் பிணிப்பதற்குத் துறைமுகக் கரையில் நிறுத்தப்படும் குட்டையான இரும்புத் தூண் இன்று பொல்லார்டு என வழங்குகிறது. அதன் முன்னோடியாகச் சுட்டத்தக்க தொல்லியல் சான்று, காவிரிப்பூம்பட்டினத்தைச் சார்ந்த கீழையூரில் கிடைத்தது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மேற்கொண்ட அகழாய்வில் செங்கற்களால் அமைந்த படகுத்துறையும் அதில் நடப்பட்டிருந்த மரத்தறிகளும் வெளிப்பட்டன. மரத்தின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. மூன்றாம் நூற்றாண்டையொட்டி அமைந்தது. புகாரின் கடல்வணிகப் பெருமைக்குச் சான்றாகவே இத்துறை பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனினும், அத்தறிகளில் பிணிக்கப்பட்டவை எவ்வகைக் கலங்கள் என்னும் வினா தனித்து நோக்கத்தக்கது.

பட்டினப்பாலை, உப்பு விற்று நெல்லேற்றி மீண்ட பஃறிகள் இலாயத்துக் குதிரைகளைப் போலப் பிணிக்கப்பட்டு நின்றதைக் காட்டுகிறது. பஃறி கழியிலும் ஆற்றிலும் இயங்கும் படகு. கடலோடும் நாவாய் அன்று. மதுரைக்காஞ்சியோ கந்தினை விட்டு நீங்கித் திரியும் மதயானைக்குப் புயலில் அலைக்கப்படும் நாவாயை உவமையாக்குகிறது. அங்கு யானைக்கு உரியது கந்து. நாவாய்க்கு உரியது கல். அக்கல்லை நங்கூரக்கல் எனக் கொள்வது பொருத்தமுடையது. எனவே படகுக்குத் தறி, நாவாய்க்கு நங்கூரம் என்ற வேறுபாடு பாடல்களிலேயே புலப்படுகிறது எனலாம்.

முசிறி பற்றிய செய்திகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்தன என்கிறது புறநானூறு (343). கப்பல்கள் நிற்குமிடம் கரையினின்று நெடுந்தொலைவில் இருந்ததென்றும், சரக்குகள் சிறு படகுகளிலேயே ஏற்றி இறக்கப்பட்டன என்றும் கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி எழுதுகிறார். 2007இல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பட்டணத்தில் நிகழ்த்திய அகழாய்வில் செங்கல் துறையருகே மரத்தறிகளோடு கிடைத்ததும் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியே.

இம்முடிவுக்கு மாறான சான்றுகளும் உள. யவனரின் கலங்கள் பேரியாற்றின் நுரை கலங்க வந்ததை அகநானூறு (149) கூறுகிறது. புறநானூற்று 30ஆம் பாடலில், பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலம் புகாருக்குள் புகுகிறது. இப்பாடலைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் பாயையும் பாரத்தையும் குறைத்த பின்னரே முகத்துவாரத்துள் நுழைவது பிற இடங்களில் வழக்கமாக இருந்தாலன்றி, அவ்வாறு செய்யாமை பாடுபொருளாகியிராது. பெருங்கலம் ஆற்றுள் நுழைந்தது என்பதும், அது கரைத்தறியில் பிணிக்கப்பட்டது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னதற்குப் பாடல் சான்றாகிறது; பின்னதற்கு ஆகவில்லை. ஆகவே கீழையூர்த் தறிகளை ஆற்றுப் போக்குவரத்தின் சான்றாகக் கொள்வதே முறை. கடல்வணிகத்தின் உள்நாட்டுக் கண்ணி என்ற அளவில் அவற்றின் மதிப்பு சிறிதும் குறைவதன்று.

நங்கூரத்தை நம்பிய வணிகம் கரைத்தறி இன்றியே பெருக இயலும் என்பதற்குச் சென்னை அண்மைக்காலச் சான்று. 1639 முதல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தன. 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடற்பாலம் எழுந்த பின்னரும் அலைத் தடுப்பு வாய்க்கவில்லை. 1876இல் தொடங்கிய தடுப்புச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் நுழைவாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டு உள்நீர் அமைதியுற்றது. அதன் பின்னரே கப்பல்கள் கரையை அணைந்து தூணில் வடம் பிணித்து நிற்பது இங்கு நடைமுறையாயிற்று.